‘யூ ஆர் ரிக்வெஸ்டட் டு’ என்று எப்போது எழுதலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனிகளில் 18 வருஷம் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்கிறவளாக வேலை பார்த்தேன். காலையில் பையருக்கு (சரக்கு வாங்கும் கம்பெனிக்கு) மெயில், மதியம் டையிங்குக்கு (சாயம் போடும் இடத்துக்கு) மெயில், சாயங்காலம் ஷிப்பிங் ஏஜென்டுக்கு மெயில் என்றே பாதி நாள் போகும். இப்போது சனிக்கிழமைகளில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் எழுதும் ஆங்கில மெயில்களைப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். அவர்கள் அடிக்கடி கேட்பது இந்த ஒரு தொடரைப் பற்றித்தான். அவர்களிடம் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தத் தொடர் என்னதான் சொல்கிறது?

‘வீ ரிக்வெஸ்ட் யூ’ என்றால் ‘நாங்கள் உங்களைக் கேட்டுக்கொள்கிறோம்’. இது செய்வினை. அதைத் திருப்பிப் போட்டால் ‘யூ ஆர் ரிக்வெஸ்டட்’, அதாவது ‘நீங்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்’. பள்ளிக்கூடத்தில் படித்த செயப்பாட்டு வினைதான். திருப்பும்போது கேட்கிற ஆள் வாக்கியத்தை விட்டே போய்விடுகிறார். யார் கேட்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லாத இடத்தில் அது வசதி. சொல்ல வேண்டிய இடத்தில் அதுவே குறை. இந்தப் பக்கத்தில் வரும் முக்கால்வாசிக் கேள்விகளுக்கு இதை மனதில் வைத்தாலே விடை கிடைத்துவிடும்.

அப்படியானால் இது தப்பான ஆங்கிலமா?

இல்லை. இலக்கணப்படி முழுக்கச் சரி. ‘இது இந்தியர்கள் எழுதும் ஆங்கிலம், எங்கேயும் எழுதக் கூடாது’ என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஈரோடு ஜங்ஷனிலோ கோயம்புத்தூர் ஜங்ஷனிலோ பிளாட்ஃபாரத்தில் நின்று பாருங்கள். ‘பேசஞ்சர்ஸ் ஆர் ரிக்வெஸ்டட் டு’ என்று ஒலிபெருக்கியில் வருகிறது. கேட்பது ரயில்வே என்று எல்லோருக்கும் தெரியும். கேட்கப்படுவது இன்ன ஆள் என்று இல்லை, அங்கே நிற்கிற அத்தனை பேரும். அந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாக்கியம் கிடையாது. வண்டி தாமதமானால் அதே ஒலிபெருக்கி ‘தி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரிக்ரெட்டட்’ என்கிறது. அதுவும் செயப்பாட்டு வினைதான்.

ஆக, பலகை, அறிவிப்பு, சுற்றறிக்கை, ஒலிபெருக்கி என்றால் தாராளமாக எழுதலாம்.

ஒரே ஒருவருக்கு எழுதும் மெயிலில் போட்டால் என்ன?

போன மாதம் பெருந்துறைப் பக்கத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி தன் மெயிலைக் காட்டினாள். பையர் ஆபீஸில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு எழுதியது. லேப் டிப், அதாவது சாயம் ஏற்றிய மாதிரித் துணித்துண்டு, மூன்று நாளாக அவர் மேஜையில் கிடக்கிறது. ஓகே வந்தால்தான் மொத்தத் துணியையும் டையிங்குக்குப் போட முடியும். அவள் எழுதியிருந்தது: ‘யூ ஆர் ரிக்வெஸ்டட் டு அப்ரூவ் தி லேப் டிப்ஸ் அட் தி எர்லியஸ்ட்.’

“ஏனுங்கக்கா, இதுல என்னங்க தப்பு? மரியாதையாத்தானுங்க கேட்டிருக்கறேன்” என்றாள்.

அவள் மனதில் மரியாதை இருந்தது உண்மை. ஆனால் அந்த அம்மா படிக்கும்போது பிளாட்ஃபாரத்து ஒலிபெருக்கிதான் கேட்கும். நேற்றுவரை பேர் சொல்லிப் பேசிக்கொண்டிருந்த ஆள், இன்றைக்குத் திடீரென்று நோட்டீஸ் ஒட்டினால் எப்படி இருக்கும்? கோபமாக இருக்கிறார்களோ என்றுதான் தோன்றும்.

இதற்கு நம் ஊர்ப் பேச்சிலேயே ஒரு காரணம் இருப்பதாக நினைக்கிறேன். கொங்கு நாட்டில் நமக்கு ‘ங்க’ இல்லாமல் வாய் திறக்க வராது. ஆமாங்க, இல்லீங்க, சரிங்க, அப்படிங்களா. பெயர்ச்சொல்லைக்கூட விடமாட்டோம்: மெயிலுங்களா, நாளைக்குங்களா. மரியாதை முழுவதும் அந்த வால் எழுத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் ‘அப்ரூவ்’, ‘சென்ட்’ என்று வினைச்சொற்கள் மொட்டையாக நிற்கின்றன. ‘அனுப்பு’ என்று எழுதுகிற மாதிரி மனசு கூசுகிறது. ‘ங்க’வை எங்கே வைப்பது என்று தேடும்போது கைக்குக் கிடைப்பது ‘யூ ஆர் ரிக்வெஸ்டட் டு’. நீளமாக இருக்கிறது, கனமாக இருக்கிறது, ஆகவே மரியாதையாக இருக்கும் என்று எடுத்து வைத்துவிடுகிறோம்.

ஆங்கிலத்தின் ‘ங்க’ வேறு இடத்தில் இருக்கிறது. ‘ப்ளீஸ்’ என்ற சொல்லிலும் ‘குட் யூ’ என்ற கேள்வியிலும். அந்தப் பெண்ணின் வாக்கியத்தை இப்படி மாற்றினோம்: ‘குட் யூ ப்ளீஸ் அப்ரூவ் தி லேப் டிப்ஸ் பை தர்ஸ்டே? வீ ஹேவ் எ டையிங் ஸ்லாட் ஆன் ஃப்ரைடே.’ ஓகே கொடுப்பீர்களா என்று கேள்வியாகக் கேட்டாயிற்று. வியாழன் என்று நாள் சொல்லியாயிற்று. ஏன் அவசரம் என்றும் சொல்லியாயிற்று. ‘அட் தி எர்லியஸ்ட்’ என்பதில் இது எதுவுமே இல்லை.

ஒரே மெயிலை நாலு பேருக்கு அனுப்பும்போது போடலாம்தானே?

நாலு பேரும் அதே வேலையைச் செய்ய வேண்டும் என்றால் போடலாம். நாலு பேரில் ஒருவர் மட்டும் செய்ய வேண்டிய வேலை என்றால் போடவே கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம். மூன்றாவது லாட் துணியின் ஷேட் பேண்டை, அதாவது நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் துணித்துண்டுகளை, மாலைக்குள் அனுப்பச் சொல்லி ஒரு மெயில் போட்டேன். மெயிலின் ‘டு’ வரியில் மூன்று பேர்: டையிங் மேனேஜர், எங்கள் ஃபேப்ரிக் இன்சார்ஜ், தரப் பரிசோதகர். ‘யூ ஆர் ரிக்வெஸ்டட் டு சென்ட்’ என்றுதான் எழுதியிருந்தேன். அந்த ‘யூ’ தன்னைச் சொல்லவில்லை, மற்றவரைச் சொல்கிறது என்று மூன்று பேருமே நினைத்துவிட்டார்கள். அவர்கள்மேல் தப்பே இல்லை. ஆங்கிலத்தில் ‘யூ’ நீயும் ஆகும், நீங்களும் ஆகும், நீங்கள் எல்லோரும் ஆகும். அதோடு கேட்கிற ஆளும் வாக்கியத்தில் இல்லையென்றால், அந்த வேலை யாருடையது என்று யாருக்குமே தெரியாது. துணி இரண்டு நாள் டையிங்கிலேயே கிடந்தது. கட்டிங் டேபிள் காலியாக நின்றது. கடைசியில் இரவு ஷிஃப்ட் போட்டுத்தான் தூத்துக்குடிக்குப் போகும் கன்டெய்னரைப் பிடித்தோம்.

அன்றிலிருந்து பேர் போட்டு எழுதுகிறேன். ‘குமார் சார், ப்ளீஸ் சென்ட்’ என்கிற மாதிரி. மற்ற இரண்டு பேர் தகவலுக்காக மட்டும் என்றால் அவர்களைச் சிசியில் வைத்தால் போதும்.

‘ரிக்வெஸ்ட் டு’வா, ‘ரிக்வெஸ்டட் டு’வா?

‘ரிக்வெஸ்டட்’. செயப்பாட்டு வினையில் வினைச்சொல் இறந்தகால எச்ச வடிவில்தான் வரும். ‘யூ ஆர் ரிக்வெஸ்ட் டு’ என்பது முழுத் தப்பு. நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்களும் இதில் வழுக்குவதற்குக் காது ஒரு காரணம். வேகமாகச் சொன்னால் கடைசி ‘ட்’டும் அடுத்து வரும் ‘டு’வும் ஒட்டிக்கொள்கின்றன. காதில் விழாத எழுத்து கையிலும் வராமல் போகிறது. மெயில் எழுதி முடித்ததும் இந்த ஒரு சொல்லை வாய்விட்டு மெதுவாகப் படித்துப் பாருங்கள். ‘அட்டாச்ட்’, ‘ஷிப்ட்’, ‘இன்வைட்டட்’ எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான்.

‘டு’வுக்கு அப்புறம் வினைச்சொல் எந்த மாற்றமும் இல்லாமல் வரும்: ‘டு சென்ட்’. ‘டு சென்டிங்’, ‘டு சென்ட்டட்’, ‘ஃபார் சென்டிங்’ எதுவும் இல்லை.

‘நாட்’ எங்கே வர வேண்டும்?

இது முக்கியம், ஏனென்றால் இடம் மாறினால் பொருளே மாறிவிடும். ‘யூ ஆர் ரிக்வெஸ்டட் நாட் டு’ என்றால் ‘செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்’. ‘யூ ஆர் நாட் ரிக்வெஸ்டட் டு’ என்றால் ‘செய்யும்படி நாங்கள் கேட்கவில்லை’, அதாவது செய்தால் செய்யுங்கள், நாங்கள் சொல்லவில்லை. ஒரு பேக்கிங் செக்‌ஷன் சுவரில் ‘ஸ்டாஃப் ஆர் நாட் ரிக்வெஸ்டட் டு கேரி ஃபுட் இன்சைட்’ என்று பெரிய எழுத்தில் லேமினேட் செய்து ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். உள்ளே சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்று சொல்ல வந்தது. எழுதியதோ, கொண்டுபோகச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பது. வேலை செய்பவர்கள் குறிப்பால் புரிந்துகொண்டார்கள். ஆனால் ஃபேக்டரியைத் தணிக்கை செய்ய வரும் வெளிநாட்டுக்காரர் அந்தப் பலகையைப் படிப்பார்.

‘நாட்’ எப்போதும் ‘டு’வுக்கு ஒட்டினாற்போல் முன்னால். உண்மையில் அந்தச் சுவருக்கு ‘நோ ஃபுட் இன்சைட்’ என்ற மூன்று சொல் போதும். பக்கத்திலேயே தமிழில் எழுதுவது அதைவிட முக்கியம், படிக்கப் போகிறவர்கள் அங்கே வேலை செய்பவர்கள்தான்.

‘இட் இஸ் ரிக்வெஸ்டட் டு யூ’ என்று எழுதுகிறார்களே?

தப்பு. நம் ‘உங்களிடம் கேட்டுக்கொள்வது என்னவென்றால்’ அப்படியே ஆங்கிலத்துக்குப் போனதால் வருகிறது. ‘இட் இஸ் ரிக்வெஸ்டட்’ என்று ஆரம்பித்தால் அடுத்தது ‘தட்’ வர வேண்டும்.

‘தட்’டுக்கு அப்புறம் வரும் வினையில்தான் நுட்பம். ‘இட் இஸ் ரிக்வெஸ்டட் தட் தி பேமென்ட் பீ ரிலீஸ்ட்’ என்று எழுத வேண்டும். ‘இஸ் ரிலீஸ்ட்’ இல்லை, ‘பீ ரிலீஸ்ட்’. கேட்பது, வற்புறுத்துவது, பரிந்துரைப்பது போன்ற வினைகளுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் வினைச்சொல் காலம் காட்டாமல் வெறும் வடிவில் நிற்கும். காரணம் எளிது. அந்தப் பணம் இன்னும் கொடுக்கப்படவில்லை, கொடுக்கப்பட வேண்டும் என்கிற விருப்பம்தான் இப்போது இருக்கிறது. ‘இஸ்’ போட்டால் நடந்துகொண்டிருக்கும் செய்தி போல ஆகிவிடும். பிரிட்டிஷ் வழக்கில் ‘ஷுட் பீ ரிலீஸ்ட்’ என்றும் எழுதுவார்கள், அதுவும் சரி. ‘பீ’ போடக் கை தயங்கினால் ‘ஷுட் பீ’ போடுங்கள்.

‘ரிக்வெஸ்ட் ஃபார்’ சரியா?

பெயர்ச்சொல்லாக வரும்போது சரி: ‘யுவர் ரிக்வெஸ்ட் ஃபார் எ டிஸ்கவுன்ட்’. வினைச்சொல்லாக வரும்போது ‘ஃபார்’ வேண்டாம்: ‘தி பையர் ரிக்வெஸ்டட் எ டிஸ்கவுன்ட்’. ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதும் இதே ரகம், அங்கேயும் ‘அபவுட்’ வேண்டாம்.

‘கைண்ட்லி’, ‘ப்ளீஸ்’, ‘ரிக்வெஸ்டட்’ மூன்றையும் சேர்த்துப் போட்டால் மரியாதை கூடுமா?

கூடாது. மூன்றும் செய்வது ஒரே வேலை. ‘யூ ஆர் ரிக்வெஸ்டட் டு ப்ளீஸ் கைண்ட்லி’ என்று எழுதினால் கேட்பவர் எதற்கோ பயப்படுகிற மாதிரி இருக்கும். ஒன்று போதும். அறிவிப்புகளில் ‘யூ ஆர் கைண்ட்லி ரிக்வெஸ்டட் டு’ என்பது பழகிப்போன வழக்கு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பள்ளிக்கூட லீவு லெட்டர் நினைவுக்கு வருகிறது. ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்கி ‘ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ்’ என்று முடியும். எத்தனை தலைமுறை எழுதியிருப்போம்! அதில் ‘கைண்ட்லி’ நம் கேட்டலுக்கு அடைமொழியாகிறது. நாம் அன்போடு கேட்கிறோம் என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். சொல்ல நினைத்தது ‘தயவுசெய்து லீவு கொடுங்கள்’ என்பது. ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ்’ என்று விட்டாலே பணிவாக இருக்கிறது. இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்காவது இதைச் சொல்லிக்கொடுங்கள்.

‘ரிக்வெஸ்டிங் யூ டு அப்ரூவ்’ என்று தொடங்கலாமா?

அது முழு வாக்கியமே இல்லை, எழுவாயும் இல்லை, வினைமுற்றும் இல்லை. ‘அனுமதிக்குமாறு கேட்டுக்கொண்டு’ என்று சொல்லிவிட்டுப் பாதியில் நிறுத்துகிற மாதிரி. வாட்ஸாப்பில் ஓடும். மெயிலில் வேண்டாம்.

‘ரிக்வெஸ்டட்’டுக்கும் ‘ரிக்வயர்ட்’டுக்கும் என்ன வித்தியாசம்?

எழுத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் குழப்பிக்கொள்கிறார்கள். பொருளில் வெகு தூரம். ‘ரிக்வெஸ்டட்’ என்றால் கேட்டுக்கொள்கிறோம். முடியாது என்று பதில் சொல்ல மொழி இடம் கொடுக்கிறது. ‘ரிக்வயர்ட்’ என்றால் கட்டாயம், செய்யாவிட்டால் ஒப்பந்தத்தை மீறியதாகும். பையர் அனுப்பும் கையேட்டில் ‘சப்ளையர்ஸ் ஆர் ரிக்வயர்ட் டு சப்மிட்’ என்று இருக்கும் வரிகளையெல்லாம் முதல் நாளே மார்க்கர் போட்டு வையுங்கள். ஊசி உடைந்தால் துண்டுகளைச் சேர்த்து ஒட்டிவைக்கும் பதிவேடு, துணியின் சோதனை அறிக்கை மாதிரி விஷயங்கள் அதில் வரும். சிறுவர் உடுப்பில் ஊசித்துண்டு இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் அங்கே ஏன் ‘ரிக்வெஸ்டட்’ போடவில்லை என்பது புரியும்.

நீங்கள் எழுதும்போதும் அப்படித்தான். கட்டாயமானதைக் கெஞ்சலாக எழுதினால், நாளைக்குப் பிரச்சினை வரும்போது ‘கேட்டுக்கொண்டீர்கள், முடியவில்லை’ என்று பதில் வரும்.

‘யூ வேர் ரிக்வெஸ்டட்’ என்று நினைவூட்டலாமா?

முடிந்தவரை வேண்டாம். ‘5ஆம் தேதியே கேட்டுக்கொள்ளப்பட்டீர்களே’ என்ற தொனி வரும், குற்றப்பத்திரிகை மாதிரி. ‘வீ ரோட் டு யூ ஆன் தி ஃபிஃப்த்’ என்று நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் இன்றைக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பணம் வராமல் மூன்றாவது தடவை எழுதுகிற கடிதம் என்றால் அது வேறு. அங்கே தொனி வேண்டும் என்றே எழுதலாம்.

அரசு அலுவலகக் கடிதங்களில் ‘ஐ ஆம் டைரக்டட் டு’ என்று வருகிறதே, அதுவும் இதே மாதிரியா?

அமைப்பு ஒன்றுதான், ஆனால் அங்கே அதற்கு நியாயம் இருக்கிறது. மத்திய அரசின் கடிதங்களில் ‘ஐ ஆம் டைரக்டட் டு’ என்றும், அலுவலகக் குறிப்பாணைகளில் ‘தி அண்டர்சைன்ட் இஸ் டைரக்டட் டு’ என்றும் தொடங்குவது வழக்கம். கையெழுத்துப் போடுகிறவர் தன் சொந்தக் கருத்தைச் சொல்லவில்லை, அரசு சொல்லச் சொன்னதைச் சொல்கிறார். ‘பணிக்கப்பட்டிருக்கிறேன்’ என்பது உண்மையான செய்தி. நம் கம்பெனி மெயிலில் கேட்பதும் நாம், கையெழுத்தும் நாம். மறைந்துகொள்ள அங்கே யாரும் இல்லை.

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கிறவர்கள் ஆங்கிலத்தில் எழுதுவதானால் ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு’ என்று எழுதுங்கள். கீழிருந்து மேலே போகும் மனுவில் ‘யூ ஆர் ரிக்வெஸ்டட் டு’ போட்டால் கலெக்டருக்கு நோட்டீஸ் கொடுத்த மாதிரி இருக்கும். தமிழிலேயே எழுதினால் இன்னும் நல்லது.

தமிழில் ‘கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்’ என்று எழுதலாமா?

எழுதலாம், பொது அறிவிப்பில் ‘பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்பது நிலைத்துவிட்டது. ஆனால் நமக்கு அது இயல்பாக வருவதில்லை. நம் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். சுற்றமும் நட்பும் சூழ வந்து வாழ்த்தும்படி ‘அன்புடன் அழைக்கிறோம்’ என்றுதான் இருக்கும். யாரும் ‘அழைக்கப்படுகிறீர்கள்’ என்று அச்சடிப்பதில்லை. ஆங்கிலத்தில் ‘யூ ஆர் கார்டியலி இன்வைட்டட்’ அழகாக இருக்கிறது, தமிழில் அழைக்கிற ஆள் வாசலில் நிற்க வேண்டும். ‘வேண்டுகிறோம்’, ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்று எழுதினால் யார் கேட்கிறார்கள் என்பதும் தெரியும், சொல்லும் குறையும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆள் யார் என்று சொல்லாமல் வேலையை மட்டும் சொல்ல நம் பேச்சில் ‘ஆச்சு’ இருக்கிறது. ‘சரக்கு அனுப்பியாச்சுங்க.’ இதை ‘வீ சென்ட்’ என்றும் எழுதலாம். யார் அனுப்பினார்கள் என்பது முக்கியமில்லை என்றால் ‘தி குட்ஸ் ஹேவ் பீன் டிஸ்பேட்ச்ட்’ என்பதுதான் அதன் நேர் ஆங்கிலம். செயப்பாட்டு வினையைக் கண்டு பயப்படுகிற பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்வேன். வாயில் ‘ஆச்சு’ வருகிற இடத்தில் தைரியமாகப் போடுங்கள். ‘கொஞ்சம் அனுப்பிடுங்க’ என்று வருகிற இடத்தில் ‘ப்ளீஸ்’ போடுங்கள்.

‘ஆஸ் ரிக்வெஸ்டட்’ என்று தொடங்குவது?

மிக நல்லது, நான் தினமும் எழுதியது. ‘ஆஸ் ரிக்வெஸ்டட், தி ரிவைஸ்ட் ஃபிட் சாம்பிள் வாஸ் கூரியர்ட் டுடே.’ (ஃபிட் சாம்பிள் என்பது அளவு பார்க்கத் தைக்கும் மாதிரி உடுப்பு.) நீங்கள் கேட்டது, இதோ முடிந்தது. இரண்டே சொல்லில் பழைய மெயிலோடு இதைக் கோத்துவிடுகிறது. ஒரே நிபந்தனை, அவர்கள் உண்மையிலேயே கேட்டிருக்க வேண்டும்.

ஃபேக்டரி நோட்டீஸ் போர்டுக்கு ஒரு மாதிரி கொடுக்க முடியுமா?

‘ஆல் ஸ்டாஃப் ஆர் ரிக்வெஸ்டட் டு வேர் தேர் ஐடி கார்ட்ஸ் இன் தி கட்டிங் செக்‌ஷன்.’ ‘ஆல்’ வந்தால் ‘ஆர்’. ‘ஈச் ஆபரேட்டர்’ என்று ஒருமையில் தொடங்கினால் ‘இஸ் ரிக்வெஸ்டட்’. கீழே யார் போட்ட நோட்டீஸ் என்று பதவியும் தேதியும் இருக்கட்டும். வாக்கியத்துக்குள் ‘பை தி மேனேஜ்மென்ட்’ வேண்டாம், கையெழுத்து அதைச் சொல்லிவிடும். அப்புறம் அதே அளவு எழுத்தில் தமிழிலும், வடநாட்டுத் தொழிலாளர்கள் இருந்தால் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள்.